வலய விதிகளும் கிராமியக் குடியிருப்பும்: மவுண்ட் லோரல் – ஒரு வரலாற்று நோக்கு

நிலம் ஒருவருக்கு உரியதாயினும் அதன் பயன்பாடு அவரோடு மட்டும் நின்றுவிடுவதில்லை. ஒருவர் தம் காணியில் தோல் பதனிடும் தொழிற்சாலையை நிறுவினால் அதன் நாற்றம் அயல்வீட்டாரைச் சேரும். உயர்ந்த மாடியொன்றை எழுப்பினால் அதன் நிழல் பிறர் முற்றத்தில் விழும். எனவே, எந்த நிலத்தில் எது அமையலாம், எது அமையலாகாது என வரையறுக்கும் உரிமையைச் சமூகம் தன்கையில் எடுத்துக்கொண்டது. இவ்வுரிமையின் வழிப் பிறந்தவையே வலய விதிகளாகும். ஓர் ஊரின் நிலப்பரப்பைக் குடியிருப்பு, வாணிகம், கைத்தொழில், விவசாயம் எனப் பல வலயங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் அனுமதிக்கப்படும் பயன்பாடு, காணியின் மிகக் குறைந்த அளவு, கட்டிடத்தின் உயரம், எல்லையிலிருந்து விடவேண்டிய இடைவெளி ஆகியவற்றை இவ்விதிகள் வகுத்துரைக்கின்றன.

இவ்விதிகள் யாவும் ‘பொது நலம்’ என்ற ஒரு சொல்லின் மீதே கட்டப்பட்டுள்ளன. அப்பொதுவினுள் அடங்குவோர் யாவர் என்ற வினா நெடுங்காலம் எழுப்பப்படாதிருந்தது. ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலுள்ள மவுண்ட் லோரல் என்னும் ஊரின் வரலாறு இவ்வினாவை வெளிக்கொணர்ந்த வரலாறாகும். அதனை விளங்கிக்கொள்வதற்கு வலய விதிகளின் தோற்றத்தை முதலிற் சுருக்கமாக நோக்குதல் வேண்டும்.

தோற்றமும் தொடக்க நோக்கங்களும்

நகர் முழுவதையும் வலயங்களாகப் பகுத்து ஆளும் முறை ஜேர்மனியிலேயே முதலில் உருப்பெற்றது. பிரான்க்பேர்ட் நகரின் தலைவராயிருந்த பிரான்ஸ் அடிக்கெஸ் 1891இல் நடைமுறைப்படுத்திய கட்டிட விதிகள் இவ்வகையில் முன்னோடியாகக் கருதப்படுகின்றன. அமெரிக்காவில் லொஸ் ஏஞ்சலீஸ் நகரம் 1908இல் குடியிருப்புப் பகுதிகளைக் கைத்தொழிற் பகுதிகளிலிருந்து பிரித்தது. அந்நகரின் குடியிருப்புப் பகுதியொன்றிற் செங்கற் சூளை நடத்திய ஹடாசெக் என்பவர் தமது தொழில் தடுக்கப்பட்டமையை எதிர்த்து வழக்காடினார். செங்கல் அறுப்பதற்கு எட்டு இலட்சம் டொலர் பெறுமதியுடைய தமது நிலம் ஏனைய தேவைகளுக்கு அறுபதாயிரம் டொலரே பெறும் என்பது அவரது வாதம். எனினும், 1915இல் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் நகரின் பக்கமே தீர்ப்பளித்தது. புகையும் தூசியும் அயலாரின் உடல்நலத்தைக் கெடுப்பன; ஆதலின் தனியார் இழப்பினும் பொது நலமே பெரிதெனக் கொள்ளப்பட்டது.

அதே 1915இல் நியூயோர்க்கில் முப்பத்தெட்டு மாடிகளையுடைய எக்விற்றபிள் கட்டிடம் எழுந்து, சுற்றுப்புறத் தெருக்களை இருளில் ஆழ்த்தியது. ஒளியும் காற்றும் எல்லோர்க்கும் உரியன என்ற எண்ணம் வலுப்பெற, மறு ஆண்டே நியூயோர்க் நகர் முழுவதற்குமான வலய விதிகளை இயற்றியது.

இந்நோக்கங்கள் யாவரும் ஏற்கத்தக்கவை. ஆயின் இதே காலத்தில் இதே கருவி வேறொரு தேவைக்கும் பயன்பட்டதை மறத்தலாகாது. 1910இல் பால்ற்றிமோர் நகரமும், அதனைப் பின்பற்றித் தென்மாநில நகரங்கள் பலவும், வெள்ளையர் வாழும் தெருவிற் கறுப்பின மக்கள் குடியேறுவதைத் தடுக்கும் விதிகளை இயற்றின. கென்ரக்கி மாநிலத்து லூயிவில் நகரின் இத்தகைய விதியை உயர் நீதிமன்றம் 1917இற் செல்லுபடியற்றதாக்கியது. அத்துடன், நிறத்தை வெளிப்படையாகக் கூறி மக்களைப் பிரிக்கும் வழி சட்டத்தில் அடைபட்டது. காணியின் அளவாலும் வீட்டின் வகையாலும் பிரிக்கும் வழியோ திறந்தே கிடந்தது.

1920களில் வர்த்தகச் செயலாளராகவிருந்த ஹேர்பேர்ட் ஹூவர், மாநிலங்கள் தத்தம் உள்ளூராட்சி மன்றங்களுக்கு வலய அதிகாரத்தை வழங்குவதற்கான மாதிரிச் சட்டமொன்றை ஆலோசனைக் குழுவொன்றின் வாயிலாக ஆக்குவித்தார். தெருக்களில் நெரிசலைக் குறைத்தல், தீ முதலிய ஆபத்துக்களிலிருந்து காத்தல், உடல்நலத்தையும் பொது நலத்தையும் பேணல், ஒளியும் காற்றும் கிடைக்கச்செய்தல், நிலத்தில் மக்கள் அளவுக்கு மீறித் திரள்வதைத் தவிர்த்தல், நீர், கழிவகற்றல், பாடசாலை, பூங்கா முதலிய வசதிகளை எளிதில் அமைக்கத் துணைசெய்தல் என்பன அதிற் கூறப்பட்ட நோக்கங்களாம். அவற்றோடு, பகுதியின் இயல்பைக் கருத்திற்கொள்ளுதல், கட்டிடங்களின் பெறுமதியைப் பேணுதல் ஆகிய இரண்டும் சேர்க்கப்பட்டிருந்தன. முன்னைய நோக்கங்கள் உயிரையும் உடலையும் பற்றியவை. பின்னைய இரண்டும் ஆதனத்தைப் பற்றியவை. பிற்காலச் சிக்கல்கள் பல இவ்விரண்டின் வழியே நுழைந்தன எனலாம்.

யூக்கிளிட் தீர்ப்பு

வலய விதிகளுக்கு அரசியலமைப்பு அடிப்படையில் அங்கீகாரம் பெற்றுக்கொடுத்த வழக்கு ஒரு சிற்றூரிலிருந்தே எழுந்தது என்பது குறிப்பிடத்தக்கது. ஒகையோ மாநிலத்திலே கிளீவ்லாந்து நகரை அடுத்திருந்த யூக்கிளிட், பெரும்பகுதியும் பண்ணை நிலமாகவும் வெற்று நிலமாகவும் இருந்த ஊராகும். கிளீவ்லாந்தின் கைத்தொழில் தன்னை நோக்கிப் பரவுவதைக் கண்ட அவ்வூர் 1922இல் வலய விதிகளை இயற்றியது. 68 ஏக்கர் நிலத்தை வைத்திருந்த அம்ப்ளர் நிறுவனம், ஏக்கரொன்று 10,000 டொலர் பெறக்கூடிய தன் நிலம் இவ்விதிகளால் 2,500 டொலராக வீழ்ந்ததென முறையிட்டது.

கீழ் நீதிமன்றத்தில் இவ்வழக்கை விசாரித்த நீதியரசர் வெஸ்ற்றன்ஹேவர் விதிகள் செல்லாவெனத் தீர்த்தார். இவ்விதிகளின் இறுதி விளைவு மக்களை அவர்தம் வருமானத்துக்கும் வாழ்க்கை நிலைக்கும் ஏற்ப வகைப்படுத்தி ஒதுக்குவதே என்று அவர் சுட்டிக்காட்டினார். மேல்முறையீட்டில், 1926 நவம்பர் 22ஆம் நாள், உயர் நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையால் விதிகளை ஏற்றது. தீர்ப்பை எழுதிய நீதியரசர் ஜோர்ஜ் சதர்லாந்து, தனிவீடுகள் நிறைந்த பகுதியில் எழும் தொடர்மாடிக் கட்டிடத்தை அப்பகுதியின் நலன்களை உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணிக்கு ஒப்பிட்டார். சூளையின் புகைக்கெதிராகப் பிறந்த விதி, வாடகை வீட்டாரையும் அப்புகையின் நிரையிற் சேர்த்த இடம் இதுவே.

அதே தீர்ப்பிற் சதர்லாந்து ஒரு வரையறையையும் விட்டுச்சென்றார். ஊரொன்றின் நலனிலும் அதனைச் சூழ்ந்த பரந்த பொதுமக்களின் நலன் மேலோங்கி நிற்கும் நிலை ஏற்படலாம். அப்போது ஊரின் விதி குறுக்கே நிற்க இயலாது என்பது அதன் கருத்து. ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின்னர் மவுண்ட் லோரல் வழக்கு இவ்வரையறைக்கு உயிர் கொடுத்தது.

கிராமிய ஊர்களின் நியாயங்கள்

கிராமியக் குடியிருப்பு ஊர்கள் வலய விதிகளை நாடியமைக்குத் தக்க காரணங்கள் இருந்தன. குழாய் நீரும் கழிவகற்றும் வாய்க்காலும் இல்லாத இடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கிணறும் தனிக் கழிவுக்குழியும் தேவை. இரண்டுக்குமிடையே போதிய இடைவெளி இன்றேல் நிலத்தடி நீர் மாசுபடும். ஆதலிற் பெரிய காணி வேண்டப்பட்டது. ஒடுங்கிய வீதிகள் மிகுந்த போக்குவரத்தைத் தாங்கா. பண்ணை நிலத்தின் நடுவே வீடுகள் நுழைந்தால் எருவின் நாற்றம் பற்றியும் இயந்திர ஓசை பற்றியும் புதியவர்கள் முறையிடுவர்; நிலவிலை ஏற, வரியும் ஏறி, விவசாயி நிலத்தை விற்கும் நிலைக்குத் தள்ளப்படுவான். இவற்றோடு அமைதி என்ற ஒன்றும் உண்டு. நியூயோர்க் மாநிலத்தில் எழுநூறு பேரளவில் வாழ்ந்த பெல் ரெறே என்னும் சிற்றூர், உறவுமுறையற்ற பலர் ஒரே வீட்டிற் கூடி வாழ்வதைத் தடைசெய்தது. 1974இல் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் அத்தடையை ஏற்று, அமைதியான வாழிடத்தைப் பேணுதலும் முறையான நோக்கமே எனக் கூறியது.

எனவே கிராமிய ஊரின் வலய விதிகள் யாவும் போலியான நோக்கமுடையவை எனக் கொள்ளுதல் தவறாகும். ஒரு விதியை அதன் முகவுரை கூறும் நோக்கத்தோடு மட்டும் மதிப்பிடாது, அது நிலத்தில் நிகழ்த்தும் விளைவோடும் ஒப்பிட்டு நோக்குதலே முறையாகும்.

மவுண்ட் லோரலின் விதிகள்

நியூ ஜேர்சியின் பேர்லிங்ரன் மாவட்டத்தில் ஏறத்தாழ 22 சதுர மைல், அதாவது 14,000 ஏக்கர், பரப்புடைய சமநிலப் பிரதேசம் மவுண்ட் லோரல். குவேக்கர் சமயத்தார் நீண்டகாலமாக வாழ்ந்த இடம் இது. பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய அலிஸ் போல் 1885இற் பிறந்ததும் இவ்வூரிலேயே. அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்தோர் இப்பிரதேசத்தில் அடைக்கலம் பெற்றனர். கறுப்பினக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கு பண்ணைத் தொழில் செய்து வாழ்ந்து வந்தன.

1950இல் இவ்வூரின் குடித்தொகை 2,817 மட்டுமே. நாட்டுப்புறத் தெருக்களை அண்டிச் சிதறிய வீடுகளும் வயல்களுமே அதன் தோற்றம். 1950களில் நியூ ஜேர்சிப் பெருஞ்சாலை திறக்கப்பட்டதும், கம்டன், பிலடெல்பியா நகரங்களிலிருந்து வசதியுள்ளோர் வெளியேறிவந்து குடியேறத் தொடங்கினர். 1960இல் 5,249 ஆன குடித்தொகை 1970இல் 11,221 ஆயிற்று.

இவ்வளர்ச்சியை ஆளுவதற்கென 1964இல் வலய விதிகள் வகுக்கப்பட்டன. குடியிருப்பு வலயங்கள் நான்கிலும் ஒரு காணியிற் தனித்து நிற்கும் ஒரு குடும்ப வீடு மட்டுமே அனுமதிக்கப்பட்டது. ஒட்டிய தொடர் வீடு, மாடித்தொகுதி, நகரும் வீடு ஆகியவற்றுக்கு இடமில்லை. ஒரு வலயத்திற் காணியின் மிகக் குறைந்த அளவு 9,375 சதுர அடி. மற்றொன்றில் ஏறத்தாழ அரை ஏக்கருக்குச் சமமான 20,000 சதுர அடி. மொத்த நிலத்தில் 29 வீதத்துக்கும் மேற்பட்ட பகுதி, அதாவது 4,000 ஏக்கருக்கு மேல், கைத்தொழிலுக்கென ஒதுக்கப்பட்டது. அதில் ஏறத்தாழ நூறு ஏக்கரே உண்மையிற் பயன்பட்டது. எஞ்சிய நிலம் வெறுமையாகக் கிடந்தது.

வயலின் பசுமையைக் காக்க விழையும் ஊர், தன் நிலத்திற் பத்திலே மூன்று பங்கைத் தொழிற்சாலைகளுக்கென ஒதுக்கியது ஏன்? விடை வரிப் பேரேட்டில் உள்ளது. நியூ ஜேர்சியிற் பாடசாலைச் செலவின் பெரும்பகுதி உள்ளூர் ஆதன வரியினால் ஈடுசெய்யப்பட்டது. தொழிற்சாலை வரி செலுத்தும்; பாடசாலைக்குப் பிள்ளைகளை அனுப்பாது. பெரிய தனிவீடு அதிக வரி தரும். சிறிய வீட்டில் வாழும் குடும்பமோ குறைந்த வரியையும் நிறைந்த பிள்ளைகளையும் கொண்டுவரும். எனவே பிள்ளைகளைத் தவிர்த்தலே ஊரின் நிதி நோக்கமாயிற்று.

இது ஊகமன்று. 1960களின் பிற்பகுதியில் வசதியுள்ளோர்க்கான ஒருங்கமைந்த வீடமைப்புத் திட்டங்கள் சிலவற்றுக்கு ஊர் இடமளித்தபோது விதித்த நிபந்தனைகளே இதற்குச் சான்று. ஒரு படுக்கையறை உள்ள மாடிவீட்டிற் பாடசாலை செல்லும் பிள்ளை வசித்தலாகாது. இரு படுக்கையறை உள்ளதில் இருவருக்கு மேல் வசித்தலாகாது. சராசரியாக வீடொன்றுக்கு 0.3 பிள்ளைக்கு மேற் பாடசாலைக்கு வருமாயின், மேலதிகப் பிள்ளைகளின் கல்விச் செலவைக் கட்டியவரே ஏற்கவேண்டும். ஒளி, காற்று, உடல்நலம் எனத் தொடங்கிய நோக்கங்களின் பட்டியல் ஈற்றிற் குழந்தையொன்றைப் பின்னமாக எண்ணும் நிலைக்கு வந்து சேர்ந்தது.

ஸ்பிரிங்வில் மக்களும் வழக்கும்

மவுண்ட் லோரலின் ஸ்பிரிங்வில் பகுதியிற் கறுப்பின ஏழை மக்கள் வாழ்ந்தனர். கோழிக்கூடுகளைத் திருத்தி அமைத்த குடில்களிற் சிலர் குடியிருந்தனர். இத்தகைய வீடுகள் வாழத் தகுதியற்றவையென ஊராட்சி அறிவித்து அகற்றியபோது, அவற்றுக்கு ஈடாக மாற்று வீடு எழவில்லை. இவ்வாறாக, உடல்நலங் காக்கும் விதி அம்மக்களைக் குடிலிலிருந்து வெளியேற்ற, வலய விதி அவர்களை ஊரிலிருந்தே வெளியேற்றியது. தாய் தந்தையர் வாழ்ந்த ஊரில் வாழ இயலாது, பிள்ளைகள் கம்டன் போன்ற நலிந்த நகரங்களின் நெரிசலுக்குட் செல்ல நேர்ந்தது.

இந்நிலையில் ஸ்பிரிங்வில் மக்கள் 36 வீடுகளைக் கட்டும் எளிய திட்டமொன்றை முன்வைத்தனர். விதிகளைத் தளர்த்த ஊராட்சி மறுத்தது. 1970இல் அம்மக்களின் தேவாலயத்திற்கு வந்த ஊர்த் தலைவர், இவ்வூரில் வாழ வசதியற்றோர் வெளியேற வேண்டியதே என்ற கருத்துப்படப் பேசினார். பல தலைமுறைகளாக அவ்வூரிலேயே வேரூன்றிய குடும்பத்தில் வந்தவரான எதெல் லோறன்ஸ் என்னும் பெண்மணி இவ்வழக்கின் முகமாக விளங்கினார். கம்டனில் ஏழைகளுக்குச் சட்ட உதவி வழங்கிய இளம் வழக்கறிஞர்களின் துணையோடும், கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் உள்ளூர்க் கிளைகளோடும் இணைந்து 1971இல் வழக்குத் தொடரப்பட்டது.

1975 மார்ச் 24ஆம் நாள் நியூ ஜேர்சி உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை நீதியரசர் பிரெடெரிக் ஹோல் எழுதினார். அத்தீர்ப்பின் தருக்கம் எளிமையானது. வலயமிடும் அதிகாரம் ஊரின் சொந்த அதிகாரமன்று. மாநிலம் அதற்கு ஈந்த அதிகாரமாகும். மாநிலத்தின் அதிகாரம் பொது நலத்துக்காக மட்டுமே பயன்படத்தக்கது. மாநிலத்துக்குப் பொதுமக்கள் என்போர் ஊரின் எல்லைக்குள் இருப்போர் மட்டுமல்லர். ஆதலின், வளர்ந்துவரும் ஊர் ஒவ்வொன்றும் தன்னைச் சூழ்ந்த பிரதேசத்திலுள்ள குறைந்த வருமானத்தோரின் வீட்டுத் தேவையில் தனக்குரிய நியாயமான பங்குக்குத் தன் விதிகளில் இடமளிக்க வேண்டும். வரியைக் குறைத்தல் என்ற காரணம் இக்கடப்பாட்டை நீக்காது. நீரும் சூழலும் கெடும் என்ற வாதத்தையும் நீதிமன்றம் ஆராய்ந்தது. உண்மையான ஆபத்து காட்டப்படின் அது ஏற்கத்தக்கது. பெயரளவிலான காரணம் போதாதென்றது. தீர்ப்பு மாநில அரசியலமைப்பை ஆதாரமாகக் கொண்டமையால் நாட்டின் உயர் நீதிமன்றம் அதில் தலையிடவில்லை.

தீர்ப்பின் பின்

தீர்ப்பு எழுதுதல் ஒன்று. வீடு எழுதல் மற்றொன்று. மவுண்ட் லோரல் தீர்ப்புக்கு அடங்கியதாகக் கூறி மூன்று புதிய வலயங்களை உருவாக்கியது. அவற்றின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ இருபது ஏக்கர். ஊரின் நிலத்தில் நூற்றுக்குக் காற்பங்கும் அன்று. எட்டு ஆண்டுகள் கழிந்தும் ஒரு வீடும் எழாத நிலையில், 1983 ஜனவரியிற் பிரதம நீதியரசர் றொபேர்ட் விலென்ற்ஸ் இரண்டாவது தீர்ப்பை வழங்கினார். ஊர் தன் கடப்பாட்டை நிறைவேற்றாவிடின், ஏழைகளுக்கென ஒரு பங்கை ஒதுக்கிக் கட்ட முன்வரும் கட்டுநர் நீதிமன்றத்தின் வழியாக அனுமதி பெறலாம் என்பது அதன் கூர்மையான பகுதி.

இதனால் எழுந்த எதிர்ப்பின் நடுவே 1985இல் மாநிலச் சட்டமன்றம் நியாய வீடமைப்புச் சட்டத்தை இயற்றி, மேற்பார்வையை ஒரு மன்றத்திடம் ஒப்படைத்தது. ஓர் ஊர் தன் பங்கிற் பாதிவரை பணம் கொடுத்து இன்னோர் ஊருக்கு மாற்றிவிடவும் அச்சட்டம் இடமளித்தது. செல்வம் மிக்க ஊர்கள் பழைய நகரங்களுக்குப் பணத்தை அனுப்பிவிட்டுத் தம் வாயிலை மூடிக்கொள்ள இது துணைபுரிந்தது. 2008இலேயே இவ்வழி நீக்கப்பட்டது. மன்றம் தன் கடமையைச் செய்யத் தவறியதால் 2015இல் நீதிமன்றம் பொறுப்பை மீண்டும் தன்னிடம் எடுத்துக்கொண்டது. 2024இல் இயற்றப்பட்ட சட்டம் அம்மன்றத்தை ஒழித்துப் புதிய நடைமுறையை வகுத்தது.

எதெல் லோறன்ஸ் தாம் கோரிய வீடுகளைக் காணாமலே 1994இல் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய வீடமைப்புத் தொகுதியில் முதற் குடும்பங்கள் குடிபுகுந்தது 2000ஆம் ஆண்டிலாகும். வழக்குத் தொடரப்பட்டு இருபத்தொன்பது ஆண்டுகள் சென்றிருந்தன. இத்தொகுதியின் 140 வீடுகளால் ஊரிற் குற்றம் பெருகும், வரி உயரும், அயல் வீடுகளின் பெறுமதி வீழும் என்று அஞ்சப்பட்டது. டக்ளஸ் மாசி முதலிய சமூகவியலாளர் அயலூர்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட நூல், இவ்வச்சங்களுள் எதுவும் மெய்ப்படவில்லை எனக் காட்டியது.

நோக்கமும் விளைவும்

மவுண்ட் லோரலின் கிராமியத் தோற்றம் காக்கப்பட்டதா என்பது எஞ்சிநிற்கும் வினா. 1950இல் மூவாயிரத்தை எட்டாத குடித்தொகை 2020இல் 44,000ஐத் தாண்டியது. பழைய வயல்களில் தனிவீடுகளும் அலுவலகக் கட்டிடங்களும் கடைத்தொகுதிகளும் பரந்து நின்றன. பெரிய காணி விதி வயலைக் காப்பதில்லை. அதனை விரைந்து விழுங்குகிறது. நூறு குடும்பங்களை அரை ஏக்கர் காணிகளிற் பரப்பினால் ஐம்பது ஏக்கர் வயல் அழியும். அதே நூறு குடும்பங்களைத் தொடர் வீடுகளில் நெருங்கவைத்தால் அதிற் சிறு பகுதியே போதுமானது. விவசாய நிலத்தை உண்மையிலே காக்க விரும்பிய மாநிலங்கள் வேறு வழியை நாடின. ஹவாய் 1961இல் மாநிலம் முழுவதற்கும் பொதுவான நிலச் சட்டத்தை இயற்றியது. ஒறிகன் 1973இல் நகரொவ்வொன்றும் தன்னைச் சுற்றி வளர்ச்சி எல்லையொன்றை வரையவும், அவ்வெல்லைக்குள் பலவகை வீடுகளுக்கும் இடமளிக்கவும் வழிசெய்தது. வயலைக் காத்தலும் ஏழைக்கு வீடளித்தலும் முரணானவை அல்லவென்பதற்கு இவை சான்றாகும்.

எனவே மவுண்ட் லோரலின் விதிகள் தாம் கூறிக்கொண்ட நோக்கத்தை நிறைவேற்றவில்லை. வயல் போயிற்று, அவ்வயலில் உழைத்தவரும் போயினர். எஞ்சியவை உயர்ந்த நிலவிலையும் குறைந்த பாடசாலைச் செலவுமே. கிணற்று நீரைக் காக்கும் விதி, தீயைத் தடுக்கும் விதி, புகையை விலக்கும் விதி ஆகியவற்றின் பயன் ஊரிலுள்ள எவருக்கும் பொதுவானது. ஒரு குடும்பத்தின் வருமானத்தையும் அதன் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் தீங்காகக் கொண்டு விலக்கும் விதியோ அத்தகையதன்று. 1926இல் சூளைப் புகையும் வாடகை வீடும் ஒரே நிரையில் வைக்கப்பட்டபோது மறைந்துபோன இவ்வேறுபாட்டை மீட்டுத் தந்ததே 1975ஆம் ஆண்டுத் தீர்ப்பின் வரலாற்றுப் பெறுமதியாகும். ஊரைக் காக்க விதி செய்வோர் ஊர் என்ற சொல்லினுள் நிலத்தையும் கட்டிடத்தையும் மட்டுமன்றி, அங்கு பிறந்து உழைத்து அங்கேயே முதுமையடைய விரும்பும் மக்களையும் சேர்த்து எண்ணும்போதுதான் பொது நலம் என்ற சொல் பொருளுடையதாகும்.